பிரிண்டர் ஓடும்போது சொன்ன செய்திகள்

புரோகிராம் எழுதுகிறவர்கள் இணையத்தில் ஓரிடத்தில் கூடுகிறார்கள். எங்கோ நடந்த அறிவியல் செய்தியை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். காட்டிய கையோடு அதில் குறை கண்டுபிடிக்கிறார்கள். நானும் அதில் ஓர் உறுப்பினர். காலையில் காபியோடு போய் உட்கார்ந்துவிடுவேன். தொலைதூரக் கிரகத்தில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவர் போட்டால், அடுத்தவர் இருக்க வழியே இல்லை என்கிறார். மூன்றாமவர் வந்து முதல் இருவருக்கும் கணக்கு தெரியாது என்கிறார். எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல இருக்கும். ஒரே குறை, அங்கே சத்தம் இல்லை.

இதையே நாங்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் செய்துகொண்டிருந்தோம். கீழமாசி வீதியில், கீழே பருப்பு மண்டி, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். சுற்றுவட்டார மில்களுக்குச் சம்பளக் கணக்கும், சொசைட்டிகளுக்கு வட்டிக் கணக்கும் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். நான் கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். ஆனையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவேன். அந்த வீதியிலேயே ஏசி போட்ட ஒரே அறை எங்களுடையது. ஏசி எங்களுக்காக இல்லை, மெஷினுக்காக. மேனேஜர் இதை வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துவார்.

மெஷின் அறையில் பேசக் கூடாது என்பது அவர் சட்டம். கண்ணாடி போட்ட கேபினுக்குள் உட்கார்ந்து எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் லைன் பிரிண்டர் ஓட ஆரம்பித்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அலமாரி அளவுக்கு இருக்கும் அது. ஒரு வரி முழுவதையும் ஒரே அடியில் அடிக்கும். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்படிக் கத்தினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்காது. ஆகவே மில் சம்பளப் பட்டியல் அச்சாகிற நேரமே எங்கள் செய்தி நேரம் என்று ஆனது.

கூட்டம் பெரிதில்லை. என்னையும் சேர்த்து மூன்று பேர். முதலாமவர் எங்கள் சீனியர் புரோகிராமர். நான் அவரை சார் என்பேன். எதையும் நம்பாத மனிதர். காலையில் சூரியன் வந்ததற்கும் ஆதாரம் கேட்பார். இரண்டாமவர் மெஷின் ஆப்பரேட்டர். அவனியாபுரத்துக்காரர், கூலி வேலைக்குப் போன வீட்டில் முதல் பட்டதாரி. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார், கேட்காவிட்டாலும். நான் அவரை அண்ணே என்பேன். டவுன்ஹால் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு அறிவியல் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவார். அவை எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் செய்திக்குப் பல் முளைத்திருக்கும். எங்களுக்கு அதுவே சுடச்சுட.

நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யவும் ஒரு முறை வைத்திருந்தோம். மெஷின் படிப்பதற்காகத் துளை போட்டுக் கொடுக்கும் பஞ்ச் கார்டு அட்டைகளின் காலம் முடிந்து, துளை அடிக்காத கார்டுகள் கட்டுக் கட்டாக மிஞ்சிக் கிடந்தன. ஒவ்வொரு கார்டிலும் ஒரு மூலை வெட்டியிருக்கும். வெட்டிய மூலை மேலே இருக்கும்படி தட்டில் கார்டு வைத்தால் நம்புகிறேன் என்று அர்த்தம். கீழே இருந்தால் நம்பவில்லை. விண்வெளியிலிருந்து தரையைப் படம் எடுக்கலாம் என்பது தேறியது. எலி வடிவத்தில் ஒரு பெட்டியை மேசைமேல் உருட்டினால் திரையில் அம்பு நகரும் என்பது தோற்றுப்போனது. "எதுக்குய்யா உருட்டணும்? விரல் என்ன, வெத்தல மடிக்கவா இருக்கு?" என்று சார் கேட்டார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது.

என் காதைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். கல்லூரி முடிக்கும்போதே கேட்பது குறையத் தொடங்கியிருந்தது. ஒரு டாக்டர் அழுக்கு என்று எடுத்தார். இன்னொருவர் நரம்பு என்று கையை விரித்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். தற்காலிக வேலைதான், இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. காது கேட்காதவளை வைத்துக்கொண்டு மில்காரர்களுக்கு எப்படி பதில் சொல்வார்கள்? அமைதியான இடங்களில் ஆள் வாயைப் பார்த்துச் சமாளித்தேன். வீட்டில் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டேன். அம்மா மெதுவாகப் பேசுகிறவள். அப்படி ஒரு "ம்" போட்டதில், தெருப் பெண்களோடு அழகர்கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கிளம்புகிற அன்றைக்கு மஞ்சள் சேலையை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. நடந்தேன்.

விசித்திரம் என்னவென்றால், பிரிண்டர் ஓடும்போது எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. அந்த இரைச்சலில் சார் ஒரு பக்கம், ஆப்பரேட்டர் அண்ணன் ஒரு பக்கம் கத்துவது ஒரு வார்த்தை பிசகாமல் வந்து விழும். அவர்கள் இருவரும் "என்ன? என்ன?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, நான்தான் அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் எடுத்துச் சொல்வேன். "பாம்புக் காது இந்தப் புள்ளைக்கு" என்று சார் பாராட்டுவார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். என் காது அந்த அறைக்குள் மட்டும் ஏன் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிரிண்டருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டேன்.

அது அடிக்கடி ஓடவும் செய்தது. ஆப்பரேட்டர் அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிரிண்டரில் காகிதம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டினால் வரி வரியாக X X X என்று அடித்துத் தள்ளும். காகிதம் மாற்றும்போது ஒரு தரம் பார்த்தால் போதும். அண்ணன் எந்நேரமும் பார்ப்பார். என்னிடம் ஒரு புரோகிராமில் சந்தேகம் கேட்க வருவார். வழியில் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் வருவார். சம்பளப் பட்டியல் எப்போது ரெடியாகும் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் X போகும். மேனேஜர் வெளியே வந்து சத்தம் போடுவார்.

"எம்புட்டுப் பேப்பருய்யா! ஒரு நாளைக்கு எத்தன தடவ அலைன்மெண்ட் பாப்ப?"

"ரோலர் லேசா இழுக்குது சார்" என்பார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

நானும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அண்ணன் ஊர் ஜல்லிக்கட்டில் மாட்டுக்கே அலைன்மெண்ட் பார்த்துத்தான் விடுவார் என்று சொல்லி, சார் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேனேஜரே ஒரு தொழில்நுட்பச் செய்தியோடு வந்தார். பொங்கல் கழிந்து புது பிரிண்டர் வருகிறது, சத்தமே இருக்காது, பக்கத்தில் தொட்டில் கட்டிக் குழந்தையைத் தூங்க வைக்கலாம் என்று பளபளவென்ற விளம்பரத் தாளைக் காட்டினார். அன்று செய்தி நேரத்தில் அதுதான் பேச்சு. சார் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செய்தியை உடனே நம்பினார். அண்ணன் மட்டும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் மூலையை மேலே வைத்தார். நான் கீழே வைத்தேன்.

"ஏம்மா, விளம்பரத்துல போட்டுருக்கான், இத நம்ப மாட்டியா?" என்று சார் கத்தினார்.

நம்ப மாட்டேன் என்றேன். சத்தம் போய்விட்டால் அந்த அறையும் என் வீட்டைப்போல ஆகிவிடும். இவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். நான் "ம்" போடுவேன். ஒரு நாள் தப்பான இடத்தில் "ம்" போட்டு, மில்லில் யாருக்கோ சம்பளம் வராமல் போய், வேலையும் போகும். பொங்கல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே மதுரைக்காரி நானாகத்தான் இருந்திருப்பேன்.

மார்கழி பாதியில் ஆப்பரேட்டர் அண்ணன் ஒரு பழைய பத்திரிகையோடு வந்தார். அட்டை இல்லை, ஓரத்தில் எண்ணெய்க் கறை. பிரிண்டர் ஓடத் தொடங்கியதும் தாளை விரித்து வைத்துக்கொண்டு கத்தினார்.

"காதுக்குள்ள ஒரு எலும்பு இருக்காம்ண்ணே. அரிசில பாதி கூட இருக்காது. சில பேருக்கு அது எறுகிப்போயி ஆடாதாம். அவுகளுக்கு அமைதியா இருந்தா கேக்காது, இரைச்சலா இருந்தா நல்லாக் கேக்குமாம்!"

என்னைப் பற்றிய செய்தியை வழக்கம்போல நானே சாருக்கு எடுத்துக் கத்தினேன்.

"புருடா!" என்று சார் திருப்பிக் கத்தினார். "இரைச்சல் கூடுனா கேக்குறது குறையும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அடுத்ததச் சொல்லு, மாப்ள."

"இருங்கண்ணே, இன்னும் இருக்கு. அந்த எலும்ப எடுத்துட்டு ஒரு பொடிக் கம்பிய வச்சா, காது பழையபடி கேக்குமாம்."

"கம்பி வச்சாக் கேக்க அது என்ன ரேடியோவா? உங்க ஊரு பட்டறையில வச்சாய்ங்களோ?"

சார் கார்டை எடுத்து, வெட்டிய மூலை கீழே போகும்படி தட்டில் வைத்தார். அண்ணன் மேலே வைத்தார். ஒன்றுக்கு ஒன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூலையைக் கீழே வைத்துவிட்டால் செய்தி தோற்றது, அடுத்த செய்திக்குப் போய்விடலாம், என் ரகசியம் என்னோடு இருக்கும். அந்தக் கம்பியும் புருடாவாகவே போய்விடும். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு மூலையை மேலே வைத்தேன்.

"எத வச்சு நம்புற? ஆதாரம்?" என்று சார் கேட்டார். அவர் அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் சார்" என்றேன். "எனக்கு அப்படித்தான் இருக்கு. பிரிண்டர் நின்னுட்டா நீங்க பேசுறது எனக்குக் கேக்காது."

வேறு எந்த ஊரில், எந்த ஆபீசில் ஒரு பெண் இப்படிச் சொன்னாலும், அடப் பாவமே என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு ஆளு சொன்னா ஆதாரமாயிருமா? டெஸ்ட் பண்ணிருவோம்" என்றார்.

சோதனை உடனே தொடங்கியது. நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் பின்னால் நின்று ஒரு காய்கறியின் பெயரைச் சொல்வார். பிரிண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னது கேட்கவில்லை. ஓடவிட்டுச் சொன்னது கேட்டது. கத்தரிக்காய். சாருக்கு அப்போதும் திருப்தியில்லை. இரைச்சலில் நாம் நம்மை அறியாமலே கத்துகிறோமே, அதனால்கூடக் கேட்கலாம் அல்லவா? ஆகவே, பிரிண்டர் ஓடும்போதும் நின்றபோது பேசிய அதே அளவு குரலிலேயே பேசிப் பார்த்தார். எனக்குக் கேட்கவில்லை. அண்ணனுக்கும் கேட்கவில்லை. சாருக்கே தான் சொன்னது கேட்கவில்லை.

"பாத்தியா! இரைச்சல்ல காது நல்லா ஆகல. நம்ம கத்துறது இந்தப் புள்ளைக்குப் போதுமானதா இருக்கு, அந்த இரைச்சல் நம்மளத் தொந்தரவு பண்ற அளவுக்கு இதத் தொந்தரவு பண்ணல. அம்புட்டுத்தான். செய்தியில பாதி தப்பு!" சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் சொன்னது சரி என்று பின்னால் டாக்டரும் சொன்னார். இன்றைக்கும் நான் இணையத்தில் யாராவது இப்படி ஒரு செய்தியைப் பிரித்து மேயும்போது, அவர் மேல் கோபம் வராமல் போவதற்கு சாரின் அந்த முகம்தான் காரணம்.

நிச்சயப்படுத்திக்கொள்ள கடைசியாக ஒரு முறை பிரிண்டரை நிறுத்தினார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பினேன். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். என் முதுகைப் பார்த்து எவ்வளவு நேரம் பேசினாரோ தெரியவில்லை. சார் மெஷின் விளக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அண்ணன்தான் மேனேஜரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். கேபினுக்கு வா என்று மேனேஜர் கை காட்டினார்.

கண்ணாடிக் கதவை மூடியதும் உலகம் அணைந்துபோயிற்று. மேனேஜருக்கு அடர்த்தியான மீசை, உதடு தெரியாது. அதோடு குனிந்து பேப்பர்வெயிட்டைப் பார்த்தபடியே பேசினார். மீசை அசைந்தது. நான் "சரி சார்" என்றேன். மறுபடி அசைந்தது. "சரி சார்." ஒரு கட்டத்தில் அவர் நிமிர்ந்து பார்த்துக் கேள்வி போல நிறுத்தினார். அதற்கும் "சரி சார்." எழுந்து வெளியே வந்தேன். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. போனால் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான், ஆனால் போகச் சொன்னாரா என்பது தெரிய வேண்டுமே.

ஆப்பரேட்டர் அண்ணனிடம் சைகையில் சொன்னேன். அவர் உள்ளே போய், என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் நேராக டெஸ்ட் சுவிட்சைத் தட்டினார். X X X என்று காகிதம் பொங்கி வழிந்தது.

"காதச் சரி பண்ணிட்டு வரச் சொல்லிருக்காரு! அதுவரைக்கும் உன் சீட்டு அப்பிடியே இருக்குமாம்! ஆனா சரியாகலைன்னா தன்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு!" மூச்சு வாங்கினார். "அப்புறம், சொசைட்டி வட்டி புரோகிராம் பூராத்தையும் நீயே திருப்பி எழுதித் தாரேன்னு ஒத்துக்கிட்டியாமே?"

ஒத்துக்கொண்டிருந்தேன் போல.

அந்த எண்ணெய்க் கறைத் தாளை எடுத்துக்கொண்டுதான் அம்மாவோடு சென்னைக்கு ரயில் ஏறினேன். டாக்டர் இசைக்கவையைத் தட்டி என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துப் பார்த்தார். தாளை நீட்டி, இப்படி ஒரு புது சிகிச்சை வந்திருக்கிறதாமே என்று கேட்டேன். அவர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இத நான் படிக்கிற காலத்துலயே பண்ணிட்டிருந்தாங்கம்மா" என்றார். எங்கள் செய்திகளின் வேகம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த நிமிடம் அழுதேன். இத்தனை வருடமும் வழி இருந்திருக்கிறது. எனக்குச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான்.

மயக்கம் கொடுக்காமல், காதை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கம்பியை வைத்துக் கொக்கியை மாட்டிய கணத்தில், யாரோ ஒரு கருவியைத் தட்டில் போட்டார்கள். அந்த "டங்" கேட்டது. நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் மதியம் சாம்பாரில் உப்பில்லை என்று முணுமுணுத்தாள். அதுவும் கேட்டது. உலகத்தில் இதைவிட இனிமையான செய்தியை நான் எங்கும் படித்ததில்லை.

காதில் பஞ்சை எடுத்து, பத்தியம் முடிந்து, நான் திரும்பியபோது தை பிறந்து போயிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். புது பிரிண்டர் வந்து, அறை நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் போட்டதுபோலவே மெல்ல முனகியது. பழையது போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. மூலையில் சுவரோரமாக, மின்சார வயர் மாட்டியபடி நின்றது. எடுத்துப் போக ஆள் வந்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஆப்பரேட்டர் அண்ணன் மேனேஜரோடு மல்லுக்கட்டி நிறுத்தி வைத்தாராம். சார் மேசையிலிருந்து நிமிர்ந்து, மெதுவான குரலில் இதைச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவர் அதைச் சோதனை என்று நினைத்துத்தான் மெதுவாகப் பேசியிருக்க வேண்டும்.

அப்போது ஆப்பரேட்டர் அண்ணன் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. என்னிடம் வரவில்லை. நேராக மூலைக்குப் போய், பழைய பிரிண்டரின் டெஸ்ட் சுவிட்சைத் தட்டினார். X X X. கூரையே இடிந்து விழுவதுபோல இருந்தது. இவ்வளவு சத்தத்திலா இத்தனை நாள் இருந்தோம் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அந்த இரைச்சலுக்குள் நின்றுகொண்டு அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"தங்கச்சி! காது எப்பிடி இருக்கு?"

காதைப் பொத்தியபடியே நின்றேன். சந்தேகம் கேட்க வரும் வழியில் தட்டிவிட்டு வந்த சுவிட்ச். ஒரு கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் X. ரோலர் இழுக்கிறது சார். அந்த ரோலர் ஒருநாளும் இழுத்ததில்லை. எடைக்கு வாங்கிய பத்திரிகைக் குவியலில் அந்த ஒரு தாள் தானாக வந்து அவர் கையில் ஏறியிருக்கவும் வழியில்லை.

போய் சுவிட்சை அணைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனி இது வேண்டாம்ண்ணே. மெதுவாவே சொல்லுங்க, கேக்குது."

அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். இத்தனை காலமும் என்னிடம் கத்தியே பழகியவருக்கு, மெதுவாகச் சொல்ல எதுவும் கைவசம் இல்லை. சாரைப் பார்த்தார். புது பிரிண்டரைப் பார்த்தார். பிறகு எனக்கே எட்டுமோ எட்டாதோ என்ற குரலில் கேட்டார்.

"சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.